வொர்க்கரை வொர்க்கராக மாற்ற இயலாது

விதி ஏழு: "ஒரு பெயரில் ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்க வேண்டும். அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். வேறிடத்தில் தேவைப்பட்டால் அங்கிருந்து அழைத்துக்கொள்ளவும். நகல் எடுக்கக் கூடாது."

நம் தோட்டக் கம்பெனியின் கணினிப் பிரிவில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே கொடுக்கப்படும் விதித்தொகுப்பில் இது இன்னமும் இருக்கிறது. நீங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, யாரும் படித்ததில்லை. அந்த விதியை எழுதியவன் நான். அதை மீறிய மடையன் யார் என்று கண்டுபிடித்து, அவன் கையில் ஒரு மெமோவைக் கொடுத்துவிட்டுத்தான் மதியச் சாப்பாடு என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சபதம் போட்டவனும் நான்தான்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நான் ஓய்வு பெற இரண்டு மாதம்கூட இல்லை. லுக்குட் பக்கத்தில் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு, வருடாந்திரக் கணினித் தணிக்கை என்ற பெயரில், நானும் தர்ஷினியும் போயிருந்தோம். தர்ஷினி மந்தின் ஊரிலிருந்து வேலைக்கு வரும் நிரலாளர். மூன்று வருட அனுபவம். அலுவலகத்தில் என்னை "அங்கிள்" என்று கூப்பிடும் ஒரே ஆள். "சார்" என்று அழைக்குமாறு நான் மின்னஞ்சலிலேயே கேட்டுப் பார்த்தேன். "நோட்டட் அங்கிள்" என்று எழுதி அனுப்பினாள்.

தணிக்கை எப்படி நடக்கும் என்பதை எழுதி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். இரண்டாவது கோப்பைத் தேநீர் வரும்போது ஒன்பதே முக்கால். தோட்ட அலுவலகத்தின் கிராணி சேகரன் உள்ளே வந்தார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். யார் எந்தப் பிரிவில் வேலை செய்கிறார், எப்போது சேர்ந்தார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சேகரன் மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். விதிகளை நிஜமாகவே படிப்பவர். என் பணிக்காலத்தில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொருவரைக் கண்ணாடியில்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண், ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"சார், லிஸ்ட் போக மாட்டேங்குது," என்றார் சேகரன்.

"எந்த லிஸ்ட்?"

"பயிற்சி லிஸ்ட். எல்லாப் பயிற்சிக்கும் சேத்து பதினெட்டுப் பேரு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குத் தலைமை அலுவலகத்துல மூடிருவாங்க. வெள்ளிக்கிழமை, அவங்க தொழுகைக்குப் போகணும். ஒரு நிமிஷம்கூடத் தள்ள மாட்டாங்க."

"பதினெட்டுப் பேருமா போகலை?"

"ஒருத்தவங்க பேருல வந்து நிக்குது சார். இவங்க பேருல."

வாசலில் நின்றவர் கையைத் தூக்கினார். காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு முந்திய ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிடும்போது தூக்குவது போலவே.

அவர் பெயர் கோகிலா. பதினோரு வருடமாக முதுகில் பம்ப்பைச் சுமந்து களைக்கு மருந்தடிப்பவர். கைத்தோல் தடித்து வெடித்துப் போயிருந்தது. வேறு வேலை கொடுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். வேறு வேலை என்றால் அலுவலகத்தைக் கூட்டுவது என்று மேலாளர் நினைத்தார். டிராக்டர் ஓட்டுவது என்று கோகிலா நினைத்தார். எங்கள் கம்பெனியில் டிராக்டர் பயிற்சி வருடத்துக்கு ஒரு தடவை. தோட்டத்துக்கு ஓர் இடம். ஐந்து வருடத் தொடர் பணி இருக்க வேண்டும், வாகன லைசென்ஸ் இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

"ஜனவரி வந்தா எனக்கு முப்பத்தாறு சார்," என்றார். "அப்புறம் டிராக்டர் போற பாதையில ஒதுங்கி நிக்க வேண்டியதுதான்."

நான் திரையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்வதென்றால்: "வொர்க்கரை வொர்க்கராக மாற்ற இயலாது."

இன்னொரு முறை படித்தேன். அதேதான். தர்ஷினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். சேகரன் அதைச் சத்தமாக, அரசாங்கக் கடிதம் வாசிப்பதுபோல வாசித்துக் காட்டினார்.

"அப்ப நான் யாராம்?" என்றார் கோகிலா. "பதினோரு வருஷமா பம்ப்ப தூக்கினது யாராம்? பேயா?"

தர்ஷினியால் அதற்கு மேல் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோகிலாவும் சிரித்தார். ஆனால் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அதை நான் கவனித்தேன். நீங்களும் கவனிக்கப் பழகுங்கள். பிழைச்செய்தி வேடிக்கையாக இருக்கும்போதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் ஆளை மறந்துபோவோம்.

கிளாஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சேகரனுக்கும் கோகிலாவுக்கும் அன்று நான் சொன்னது இது: கிளாஸ் ஒரு காலிப் படிவம். பெயர், பிரிவு, சேர்ந்த நாள் என்று கட்டங்கள் போட்டிருக்கும். ஒவ்வொரு தொழிலாளரும் அந்தப் படிவத்தை நிரப்பிய ஒரு தாள். எங்கள் தோட்டத்தில் அந்தப் படிவத்துக்குப் பெயர் வொர்க்கர். பயிற்சி லிஸ்ட் தயாரிக்கும் நிரல், கையில் கிடைத்த தாளைப் பார்த்து "நீ வொர்க்கர் படிவம்தானே?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளும். பதினேழு தாளும் ஆமாம் என்றன. கோகிலாவின் தாளும் ஆமாம் என்றது. ஆனால் நிரல் நம்ப மறுத்தது.

"என் மூஞ்சியப் பார்த்தா சந்தேகமா இருக்கோ என்னமோ," என்றார் கோகிலா.

பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். பயிற்சிப் பிரிவில் ஓர் அம்மையார். குரலில் எந்தக் குழப்பமும் இல்லை.

"அந்த ஒரு பேர எடுத்துட்டு மத்த பதினேழ அனுப்புங்க சார். லிஸ்ட் சுத்தமா வந்துரும்."

"டிராக்டருக்கு அந்த ஒரு பேர்தான் இருக்கு."

"அப்ப அந்த இடம் வேற தோட்டத்துக்குப் போகும். வேஸ்ட் ஆகாது சார், கவலைப்படாதீங்க."

செயல்முறை பதினான்கு, உட்பிரிவு மூன்றை எடுத்துச் சொன்னேன்: கணினி செயலிழந்தால் காகிதத்தில் சமர்ப்பிக்கலாம்.

"அதுக்கு முன்அனுமதி வேணும்."

"கொடுங்க."

"எழுத்து மூலமா விண்ணப்பிங்க சார். பதில் வரும்."

விண்ணப்பித்தேன். உட்பிரிவு எண்களோடு, மூன்று இணைப்புகளோடு, பத்தே நிமிடத்தில். அதற்கு நான் பயிற்சி பெற்றவன். பிறகு அதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கும் பயிற்சி பெற்றவன்.

"எல்லாருக்கும் ஓடுது, இவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று தர்ஷினி சேகரனைக் கேட்டாள். "இவங்ககிட்ட என்ன வித்தியாசம்?"

ஒரு பிழையைத் துரத்தும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். நான் கேட்டிருக்க வேண்டும். எவனோ ஒரு மடையன் விதி ஏழை மீறியிருக்கிறான் என்று முடிவுகட்டி, நான் அப்போது மெமோவுக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேகரன் நெளிந்தார். "ஒண்ணும் இல்ல. செப்டம்பர்ல இவங்கள ரெண்டாம் டிவிஷன்லேர்ந்து ஒண்ணாம் டிவிஷனுக்கு மாத்தினோம். நான் கணினில மாற்றல் பொத்தான அழுத்தினேன். அவ்வளவுதான்."

"மாற்றல் பொத்தானா?"

"இருக்கே சார். கையேட்டுல பக்கம் முப்பத்தொண்ணு."

அந்தப் பொத்தானை நான் உருவாக்கி ஒன்பது வருடம். அதுவரை ஒருவரும் அழுத்தியதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. முந்தைய கிராணிகள் எல்லாரும் யாரையாவது டிவிஷன் மாற்ற வேண்டியிருந்தால், பழைய பதிவை மூடிவிட்டுப் புது ஆளாகப் பதிந்துவிடுவார்களாம். சுலபம். என்ன, அந்த ஆள் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்ததாகக் கணினி நினைத்துக்கொள்ளும். பழைய வருடங்களைப் பேரேட்டில் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

"அப்படி வேணும்னா ரெண்டு நிமிஷத்துல பண்ணிரலாம் சார்," என்றார் சேகரன், தயங்கித் தயங்கி. "புது ஆளா பதிஞ்சா லிஸ்ட் போயிரும்."

"போனா அஞ்சு வருஷத் தொடர் பணி?"

"இன்னிக்குச் சேர்ந்தவங்கன்னு காட்டும்."

"ஐயோ வேணாம் லா," என்றார் கோகிலா. "பதினோரு வருஷத்த அழிச்சிட்டு டிராக்டர் எதுக்கு?"

தர்ஷினி ஒரு வழி சொன்னாள். அவளாக விரும்பிச் சொல்லவில்லை. எல்லா வழிகளையும் மேசையில் வைப்பது அவள் வழக்கம். "பிழைய முழுங்கிடச் சொல்லவா அங்கிள்? நாலு வரி. பிடிபட்ட பதிவைத் தாண்டிப் போயிரும். திரையில சிவப்பு வராது."

திரையில் சிவப்பு வராது. பதினேழு பேர் போவார்கள். பதினெட்டாவது ஆள் ஏன் போகவில்லை என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் நீங்கள் எழுதப்போகும் நிரல்களில் ஆக ஆபத்தானது அந்த நாலு வரிதான். கத்துகிற பிழையை மன்னிக்கலாம். கத்துகிற பிழையின் வாயைப் பொத்துகிறவரை வேலையை விட்டே அனுப்ப வேண்டும். இதை விதியாக எழுதச் சொன்னால் இன்றைக்கும் எழுதித் தருவேன்.

"முழுங்க வேணாம். தேடு," என்றேன். "இதைச் செஞ்ச மடையன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

பத்து நாற்பதுக்குத் தர்ஷினியின் தோள்கள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தன.

"அங்கிள். ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"வொர்க்கர். ஒண்ணாம் டிவிஷன் ஃபோல்டர்ல ஒண்ணு. ரெண்டாம் டிவிஷன் ஃபோல்டர்ல ஒண்ணு. அதே பேரு, அதே எழுத்து. ரெண்டு டிவிஷனும் அதது சொந்தப் படிவத்த வச்சுத்தான் ஓடுது. கோகிலாக்கா ரெண்டாம் டிவிஷன் படிவத்துல பொறந்தவங்க. மாற்றல் பொத்தான் அவங்கள அப்படியே தூக்கி ஒண்ணாம் டிவிஷன்ல போட்டிருக்கு. லிஸ்ட் எடுக்கிற நிரலுக்கு ஒண்ணாம் டிவிஷன் படிவம் மட்டும்தான் தெரியும்."

விஷயம் அவ்வளவுதான். நாம் பெயரைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறோம். இயந்திரம் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. படிவம் எந்த அச்சகத்திலிருந்து வந்தது என்றும் பார்க்கிறது. அதற்கு அவை இரண்டும் வேறு வேறு. மனிதக் கண்ணுக்கு மட்டுமே அந்தச் செய்தி கோமாளித்தனமாகத் தெரிகிறது.

"எந்த மடையன் நகல் எடுத்தான்? மேலே எழுதினவர் பேர் இருக்குமே."

"இருக்கு. படிக்கவா?"

"படி."

"சத்தமாவா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி!"

படித்தாள். என் பெயர். முழுப் பெயர். அதற்குக் கீழே, நிரல்களில் குறிப்பு எழுதுவது கட்டாயம் என்ற விதி இரண்டின்படி, நானே என் கைப்பட எழுதிய காரணமும் இருந்தது: "பாதுகாப்புக்காக இரண்டாம் படி."

சேகரன் மரியாதையாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்ஷினி நாற்காலியோடு பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றாள். கோகிலா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்கதான் என்னைய ரெண்டாக்கினீங்களா?"

"ஆமாம்மா."

"பரவால்ல லா. ஒண்ணு மருந்தடிக்கட்டும், ஒண்ணு டிராக்டர் ஓட்டட்டும்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். கணினிக்கு வருவதற்கு முன்னால் நான் ஆறு வருடம் கிராணியாக இருந்தவன், அதே தோட்டத்தில். கிராணிக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் விதி இது: எந்தப் பதிவேட்டுக்கும் இரண்டு படிகள் இருக்க வேண்டும், ஒன்று பெரிய அலுவலகத்தில், ஒன்று டிவிஷன் அலுவலகத்தில். வெள்ளம், கறையான், கிராணி ஆகிய மூன்றிலிருந்தும் பதிவேட்டைக் காப்பாற்ற அதுதான் வழி. நல்ல விதி. ஒருமுறை பெரிய அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது இரண்டாம் படிகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஒன்பது வருடத்துக்கு முன் தோட்ட நிரலை டிவிஷன்வாரியாகப் பிரித்தபோது, யாரும் சொல்லாமலேயே என் கை வொர்க்கர் கிளாஸை நகலெடுத்து இரண்டாம் டிவிஷனில் வைத்தது. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனின் நிம்மதி எனக்கு. அடுத்த வருடம் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்து விதி ஏழை எழுதினேன். ஊரார் எல்லாருடைய நிரலிலும் இரட்டைகளைத் தேடினேன். என் நிரலைத் தேடவில்லை. அதைத்தான் விதி தெரிந்தவன் எழுதியிருந்தானே.

நிரப்பிய தாளுக்கு இரண்டு படி வைத்தால் பாதுகாப்பு. காலிப் படிவத்துக்கு இரண்டு படி வைத்தால் சண்டை. இந்த வித்தியாசம் அன்று, கோகிலா பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

மணி பத்து ஐம்பது. ஒன்றை நீக்க வேண்டும். எதை?

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பதிவேட்டு விதிப்படி, இரண்டு படிகளும் முரண்பட்டால் பெரிய அலுவலகப் படியே செல்லும். பெரிய அலுவலகம் இருப்பது ஒன்றாம் டிவிஷனில். "ரெண்டாம் டிவிஷன் படிய எடுத்துரு," என்றேன். தர்ஷினி எடுத்தாள். நிரலின் துண்டுகளைச் சேர்த்து மறுபடி கட்டுமாறு கணினிக்குச் சொன்னாள்.

ஒரு பிழை இருந்த இடத்தில் நாற்பத்து மூன்று பிழைகள் வந்தன. திரை முழுக்கச் சிவப்பு.

சேகரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சார், இன்னும் மோசமாயிருச்சு!"

நானும் தர்ஷினியும் கைதட்டினோம். நிஜமாகத்தான். அதுவரை இந்தப் பிழை ஓட்டத்தின் நடுவில், ஒரு பெண்ணின் பெயர் வந்தபோது மட்டும் தலைகாட்டியது. இப்போது ஒளிந்திருந்த நாற்பத்து மூன்று பேரும் வாசலிலேயே வரிசையாக நின்று பெயர் சொல்கிறார்கள். இதைவிட நல்ல செய்தி நிரலாளருக்கு இல்லை. சரியான இடத்தில் கை வைத்தால் பிழை கூடும். பயந்து கையை எடுத்துவிடாதீர்கள்.

பெரும்பாலானவை வெறும் முகவரி மாற்றம்: படிவம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். அவள் தட்டத் தட்ட உதிர்ந்தன. கடைசியில் எட்டு மிஞ்சின. எட்டும் ஒரே கட்டத்தைக் கேட்டன. அந்தக் கட்டம் பெரிய அலுவலகப் படியில் இல்லை.

"இந்த எட்டு வரி எதுக்குன்னு பார்க்கவா அங்கிள்?"

"முதன்மைப் படியில இல்லாதது தேவையில்லாதது. எடுத்துரு."

எடுத்தாள். பதினொன்றே கால். நிரல் சுத்தமாகக் கட்டி முடிந்தது. லிஸ்டைத் திறந்தோம். பதினெட்டுப் பேர். பதினெட்டாவதாகக் கோகிலா. சேர்ந்த நாள், பதினோரு வருடம், டிவிஷன், வயது, எல்லாம் சரி. சேகரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நான் அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்தேன். ஒரு சிறு உரை நிகழ்த்தலாமா என்றுகூடத் தோன்றியது.

"சார், என் லைசென்ஸ் எங்க?"

கோகிலா எப்போது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. பூட்ஸ் இன்னும் கையில்.

"என்ன லைசென்ஸ்?"

"வண்டி லைசென்ஸ் சார். கிராணி போன மாசம் நம்பர் கேட்டு எழுதிக்கிட்டாரு. இங்க காணோமே. மூணு தடவ ஃபெயிலாயி நாலாவது தடவ எடுத்தது. சும்மா விட்டுட்டுப் போற சாமானா அது?"

அந்த எட்டு வரி எதைக் கேட்டது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. டிராக்டர் கொட்டகை இரண்டாம் டிவிஷனில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு, லைசென்ஸ் எண்ணுக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டபோது, ஒருவர் இரண்டாம் டிவிஷன் படிவத்தில் மட்டும் அதைச் சேர்த்திருக்கிறார். யார் என்று தர்ஷினி வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

பொத்தானை அழுத்தியிருந்தால் லிஸ்ட் போயிருக்கும். தலைமை அலுவலகக் கணினி லைசென்ஸ் கட்டத்தைத் தேடியிருக்கும். இல்லை என்றதும் கோகிலாவைத் தானாகவே நிராகரித்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் வந்திருக்காது. நான் முறைப்படி எல்லாம் செய்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

"அழிச்சத மீட்க முடியுமா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"நீங்க சொல்றீங்கன்னு நான் எதையும் நிரந்தரமா அழிக்கிறதில்ல அங்கிள்," என்றாள் தர்ஷினி. அவள் ஏற்கெனவே மீட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபத்தைந்து. இரண்டு படிவங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். விதியை மூடிவைத்துவிட்டு வரி வரியாகப் படித்தோம். சேகரன் ஒரு பக்கம் வாசித்தார், கோகிலா மறுபக்கத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். "இருக்கு... இருக்கு... இருக்கு... இங்க இல்ல!" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தர்ஷினி ஒரு கட்டத்தைச் சேர்த்தாள். இரண்டாம் படியில் லைசென்ஸ் இருந்தது; பெரிய அலுவலகப் படியில் தொடர் பணியைக் கணக்கிடும் கட்டம் இருந்தது. எந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தாலும் கோகிலாவுக்கு இடம் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே வொர்க்கர். அதைப் பொது ஃபோல்டரில் வைத்தோம். இரண்டு டிவிஷனும் இனிமேல் அங்கிருந்துதான் அழைத்துக்கொள்ளும். விதி ஏழு, எழுத்துப் பிசகாமல்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நிரலைக் கட்டச் சொன்னோம். தோட்டத்துக் கணினி. முக்கால்வாசி போய் நின்று யோசித்தது. "ஓடு லா, ஓடு லா," என்று கோகிலா அதன் பெட்டியைத் தட்டினார். கருவிகளைத் தட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நானும் தட்டினேன்.

பதினொன்று ஐம்பத்து மூன்று. கோகிலாவின் தாள் திறந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. இந்தத் தடவை நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"நீங்களே ஒரு தடவ முழுசா படிச்சுப் பாருங்கம்மா. சரியா இருந்தா நீங்களே அழுத்துங்க."

படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு கட்டமாக. லைசென்ஸ் எண்ணை இரண்டு தடவை. தர்ஷினி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகத்தைக் கடித்தாள். கோகிலா வெடித்த ஆட்காட்டி விரலால் அழுத்தினார்.

"பெறப்பட்டது. பதினெட்டுப் பேர்." பச்சை நிறத்தில்.

சேகரன் கத்தினார். விதிகளைப் படிக்கும் அந்த அமைதியான மனிதர் அலுவலகத்துக்குள் குதித்தார். தர்ஷினி கோகிலாவைக் கட்டிப்பிடித்தாள். பூட்ஸ் இரண்டும் கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டன. "அப்ப நான் இப்ப ஒருத்திதானே சார்?" என்று கோகிலா கேட்டார். ஒருத்திதான் என்று உறுதியளித்தேன். எழுத்து மூலமாக வேண்டுமா என்றும் கேட்டேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தலைமை அலுவலக அம்மையார் அழைத்தார். "பதினெட்டும் வந்துருச்சு சார். காகிதத்துல அனுப்ப அனுமதி கேட்டிருந்தீங்களே, அத வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

"அதுக்கு என்ன செயல்முறை?"

"எழுத்து மூலமா விண்ணப்பிக்கணும்."

அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மெமோவை எழுதிவிட்டுத்தான் அன்று மதியம் சாப்பிடப் போனேன். சபதம் சபதம்தான். எனக்கு நானே முகவரியிட்டு, விதி ஏழை மீறியதற்கான விளக்கத்தை ஏழு நாளுக்குள் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தர்ஷினி சாட்சியாக ஒப்பமிட்டாள். இப்போதும் என் கோப்பில் இருக்கும், போய்ப் பாருங்கள். விளக்கம் மட்டும் இருக்காது. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விதி ஏழு அல்ல. அது உங்கள் இழுப்பறையிலேயே இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கத்தான் வேண்டும். ஆனால் எது அசல் என்று பதவியைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். இரண்டையும் படியுங்கள். நகல் என்று நாம் வைத்துவிட்டுப் போனது, நாம் பார்க்காத வருடங்களில் தனியாக வளர்ந்து, அசலுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கும். அதோடு, யாருடைய தாளை நீங்கள் திருத்துகிறீர்களோ அவரை அறைக்குள் உட்காரவையுங்கள். கணினிப் பிரிவில் முப்பது வருடம் இருந்த என் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தை, அதுவரை கணினியைத் தொட்டே பார்த்திராத ஒருவர் மூன்று நொடியில் பார்த்தார். அது அவருடைய லைசென்ஸ்.

கோகிலாவுக்கு இடம் கிடைத்தது. மூன்று வாரப் பயிற்சியில் கொட்டகைத் தூண் ஒன்றை மட்டும் இடித்தாராம், தேர்ச்சி. டிசம்பரிலிருந்து குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிறார். நான் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுச் செண்டாயானில் வீட்டோடு இருக்கிறேன். ஒரு நாள் காலை சேகரன் அழைத்தார். என் பெயருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். வாசிக்கச் சொன்னேன். பாதியில் சிரிப்பு வந்து நிறுத்தினார். மறுபடி தொடங்கி முடித்தார்.

"காகிதத்தில் சமர்ப்பிக்க அனுமதி கோரிய தங்கள் அவசர விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அதில் குறிப்பிடப்பட்டுள்ள தொழிலாளர் ஏற்கெனவே டிராக்டர் ஓட்டுநராகப் பணிபுரிவதாக எங்கள் கணினிப் பதிவுகள் காட்டுவதால், டிராக்டர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தகுதி அவருக்கு இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பத்தே நிமிடத்தில் நான் அனுப்பிய அந்த விண்ணப்பம் பெறப்பட்ட நாளாக என்ன முத்திரை போட்டிருக்கிறது என்று கேட்டேன். தைப்பூசத்துக்கு மறுநாள்.